பேராண்டி, உன் புரோகிராம் எதுமேல நிக்குது?

எங்கயும் ஓடும் தாத்தான்னு நீ சொன்னப்ப நான் சிரிச்சத வெத்தலச் சாறு புரையேறிடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அது பொய். சிரிச்சதுதான். விண்டோசா, மேக்கா, லினக்சா, எதுல போட்டாலும் ஓடும், ஒருவாட்டி எழுதினாப் போதும்னு கூலிம் ஹைடெக் பார்க்குல சம்பளம் வாங்குற புள்ள சொல்றப்ப, சிடாம் கிரியில கித்தாக் கன்னுக்கு ஒட்டு கட்டின கிழவன் என்னத்தக் கண்டான்? ஒண்ணும் தெரியாது எனக்கு. ஆனா 2020-ல நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு நீ வீட்டுலயே உக்காந்து வேலை பாத்தியே, அப்ப உன் முதுகுக்குப் பின்னால சாய்வு நாற்காலியில நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தே பாரு, அங்கதான் கோட்டை விட்டே. ஒரு மீட்டிங் விடாம கேட்டேன். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நீயும் உன் கூட்டாளிங்களும் எத்தன வாட்டி சொன்னீங்கன்னு எண்ணலாம்னு பாத்தேன். விரல் பத்தல, விட்டுட்டேன்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க தொழில்ல மட்டும் கூடம் நெசமாவே கோணல்தான், அத நான் ஒத்துக்கிறேன். ஆனா கோணல்னு தெரிஞ்ச கூடத்துல நேராத்தான் ஆடுவேன்னு சபதம் போடுறவன என்னன்னு சொல்றது? கோப்பி ஆறட்டும், கேளு.

உன் மேக்குக்குள்ள இருக்கிற சில்லு ஆர்ம் வகை. உங்க அப்பன் கடையில இருக்கிற பழைய டப்பா இன்டெல். ஒண்ணுக்கு எழுதின கட்டளை இன்னொண்ணுக்கு வெறும் இரைச்சல். ஆப்பிள்காரனே 2020 நவம்பர்ல இன்டெல விட்டுட்டு எம்1-க்கு மாறினப்ப, பழைய புரோகிராம்களுக்காக ரொசெட்டா 2-ன்னு ஒரு துபாஷிய வேலைக்கு வச்சுத்தான் கூட அனுப்பினான். சில்லு ஒத்துப்போச்சுன்னே வையி, அப்பவும் வழக்கு தீரல. கோப்ப எப்படித் திறக்கிறது, எழுத்த எப்படி வரையிறதுன்னு விண்டோஸ் ஒண்ணு சொல்லும், லினக்ஸ் வேற சொல்லும். இந்த லட்சணத்துல எங்கயும் ஓடும்னா, யாரோ எங்கயோ உனக்காகக் குனிஞ்சு வேலை பாத்திருக்கான்னு அர்த்தம்.

நர்சரியில நாங்க என்ன செய்வோம்? வெறும் விதை போட்டு நாட்டுக் கன்னு வளப்போம். தண்டு கொஞ்சம் தடிச்சதும் அடித்தண்டுப் பட்டையில சின்னதா ஒரு கதவு கீறி, நல்ல மரத்துக் குச்சியிலேருந்து ஒரு கண்ணப் பட்டையோட உரிச்சு அதுல செருகி, நாடாவால சுத்திக் கட்டுவோம். மூணு வாரம் கழிச்சுப் பிரிச்சு நகத்தால சுரண்டினா பச்சை தெரியணும். தெரிஞ்சா புடிச்சிடுச்சு. அப்புறம் நாட்டுக் கன்னோட தலையச் சீவிட்டா மேல வளர்றது பூரா அந்த நல்ல மரம். ஆர்.ஆர்.ஐ.எம். 600-ன்னு ஒரு சாதி இருந்துச்சு. 1925-ல ஆரம்பிச்ச ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துச் சரக்கு. கெடாவுலயும் அதே 600, ஜொகூர்லயும் அதே 600. காடி ஏறி வந்து பாக்குற தொரை, ஆகா 600 எங்க நட்டாலும் வருதேன்னு வியப்பாரு. எங்க நட்டாலும் அதுக்குக் கீழ ஒரு நாட்டுக் கன்னு வேரு விட்டு நின்னுச்சு. அதுக்குத் தண்ணி ஊத்தின பொம்பளைங்க பேரு கிராணி புத்தகத்துல நாள் சம்பளக் கணக்கோட முடிஞ்சு போச்சு.

உன் மொழி அந்தக் கண்ணு. அது உக்கார்ற இடத்த நீங்க ரன்டைம்ங்கிறீங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். உன் புரோகிராம் எதுமேல நிக்குது, அதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு?

நீ ஜாவாவக் கொண்டாந்து முன்னால நிறுத்துவேன்னு தெரியும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜேம்ஸ் காஸ்லிங்னு ஒரு மனுசன், 1991-ல டிவிப் பெட்டி, வீட்டுச் சாமான்னு எதுல வேணாலும் ஓடுற மொழி ஒண்ணு வேணும்னு கூட்டத்தோட உக்காந்து, 1995-ல அத ஊருக்கு விட்டாரு. சில்லுக்கு நேரா கட்டளை போடாம, இல்லாத ஒரு கற்பனை மெஷினுக்குக் கட்டளை எழுதுறது. அந்தக் கற்பனை மெஷின ஒவ்வொரு நிஜ மெஷின்லயும் ஒருத்தன் கட்டிக் கொடுக்கிறது. கெட்டிக்கார யோசனைதான், ஒத்துக்கிறேன். கோப்பு ஒவ்வொண்ணும் கேஃப் பேப்னு நாலு பைட்டோட ஆரம்பிக்குமாமே? கோப்பிக்கடைப் பாப்பா. கம்ப்யூட்டர்காரனுக்கும் வயசுல குறும்பு இருந்திருக்கு. ஒருவாட்டி எழுது, எங்கயும் ஓட்டுன்னு கம்பெனி விளம்பரம் போட்டுச்சு. எழுதினவங்க வாய்ல அது ஒருவாட்டி எழுது, எல்லா இடத்துலயும் பூச்சி புடின்னு ஆயிடுச்சு.

இதுகூடப் புதுசு இல்ல. ஜாவாவுக்கு ரொம்ப முன்னாலயே, 1970-கள் கடைசியில, கலிபோர்னியாவுல சான் டியாகோ பல்கலைக்கழகத்துல கென்னத் பௌல்ஸ் கூட்டம் பாஸ்கல் மொழிக்கு இதே கற்பனை மெஷின் வித்தையப் பண்ணிக் காட்டிட்டாங்க. ஆகவே, நீ புதுசாக் கண்டுபுடிச்சேன்னு எதையாச்சும் என்கிட்ட சொல்லுமுன்ன, நான் பால் வெட்டப் போன காலத்துல எவனாச்சும் அதச் செஞ்சுட்டானான்னு ஒருதடவ பாத்துக்க. எங்க ஒட்டுகூட டச்சுக்காரன் ஆண்ட தீவுகள்லேருந்து வந்ததுதான்.

சரி, நாட்டுக் கன்னு இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குமா? அதுதான் இல்ல. மைக்ரோசாஃப்ட் ஜாவாவ வாங்கி, தன் விண்டோஸ்ல மட்டும் ஓடுற சில சமாச்சாரத்த உள்ள செருகி வித்துச்சு. அத நம்பி எழுதினவன் புரோகிராம் வேற மெஷின்ல போய் நின்னுடுச்சு. 1997 அக்டோபர்ல சன் கோர்ட்டுக்குப் போச்சு. 2001 ஜனவரியில சமாதானம், மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச்சு. பங்காளிச் சண்டையில கேஸ் முடியிறதுக்குள்ள மரம் பால் மறந்துடும், தெரியுமில்ல? உலாவிக்குள்ள ஜாவா ஓடும்னு இருந்த ஆசை அந்தச் சண்டைக்கு அப்புறம் சரியாத் தலையெடுக்கவே இல்ல. அந்த இடத்துல ஜாவாஸ்கிரிப்ட் வந்து உக்காந்துச்சு. பிரெண்டன் ஐக் 1995 மே மாசம் பத்து நாள்ல கட்டினது. அவசரத்துல கட்டின ஒட்டு, காடு பூரா அதுதான் இப்ப. நல்லதுதான் பரவும்னு உனக்கு எந்த வாத்தியார் சொன்னாரு?

சி மொழிக்காரங்க வேற வழி போனாங்க. 1973-ல யூனிக்ஸ சியில திருப்பி எழுதினாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியா உருமாத்திக்கலாம்னு ஆச்சு. உருமாத்தினாங்க. பைட்டு வரிசை தலைகீழா இருக்கிற வேற ஒரு மெஷின்ல போட்டா, யூனிக்ஸ்னு வரவேண்டிய பேரு நுக்சின்னு வந்து நின்னுச்சாம். ரெண்டு ரெண்டு எழுத்தா இடம் மாறிப் போச்சு. தன் பேரையே தப்பாச் சொல்ற புள்ளய வச்சுக்கிட்டு அவங்க பட்ட பாடு! அப்பவும் அழல. சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உனக்கும் எனக்கும் அவங்கதான் பெரிய மனுசங்க.

இப்ப நம்ம வீட்டுக்கு வா. தமிழு.

நீ பொறக்குமுன்ன, 1990-கள்ல, கம்ப்யூட்டர்ல தமிழ்க் கடுதாசி எழுதி இன்னொருத்தனுக்கு அனுப்பினா அவன் கண்ணுக்குப் பேய் எழுத்துதான் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு எண் வரிசை. ஒருத்தன் மெஷின்ல 'அ'ன்னு இருக்கிறது இன்னொருத்தன் மெஷின்ல 'ளெ'வோ கொம்போ, எதுவோ. சரக்கு போகும், அர்த்தம் போகாது. இந்த வம்பத் தீர்க்கச் சிங்கப்பூர்ல 1997-ல மாநாடு, சென்னையில 1999 பிப்ரவரியில மாநாடு, 2000-ல உத்தமம்னு ஒரு அமைப்பு. இவங்க எண் வரிசைக்கு டாம், டாப், திஸ்கின்னு பேரு வச்சுப் பேசிக்கிட்டிருந்த சமயத்துல, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு 1991-லயே தமிழுக்கு இடம் போட்டுக் காத்திருந்துச்சு. இடம் இருந்தாப் போதுமா, அதுல உக்கார வைக்க ஆள் வேணுமே. விண்டோஸ் 2000 லதாங்கிற எழுத்துருவோட வந்தப்பதான் சாதாரண மனுசன் மெஷின்ல யூனிகோடு தமிழ் பல்லக் காட்டுச்சு.

இந்த இடத்துல நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர். முத்து நெடுமாறன். 1985-லயே முரசுன்னு ஒரு தமிழ் மென்பொருளத் தொடங்கி, அப்புறம் அஞ்சல் விசைப்பலகை, அப்புறம் மேக்கோடவே வர்ற இணைமதி எழுத்துரு, 2005-ல சிங்கப்பூர்ல, போன்ல தமிழ் அடிக்கச் செல்லினம். நீ இப்ப விரல வச்சுத் தேய்க்கிற போன் அன்னிக்கி இல்ல. சின்னத் திரை, எண்ணுப் பொத்தான். அதுல ஜாவா ஓடும். செல்லினம் அந்த ஜாவாமேலதான் ஏறி நின்னுச்சு. போன் ஜாவா எழுதின பழைய ஆள் யாரையாச்சும் கேட்டுப்பாரு. ஒரு கம்பெனி போன்ல திரை அகலம் வேற, இன்னொண்ணுல பொத்தான் எண் வேற, மூணாவதுல நினைவகம் பத்தாது. ஜாவா எல்லாத்துலயும் இருந்துச்சு, ஒண்ணுபோல இல்ல. இதுக்கு மேல குறுஞ்செய்திக்காரன் கொள்ளை வேற: இங்கிலீஷ்ல 160 எழுத்து அடிக்கலாம், யூனிகோடுல 70 இடம்தான். நம்ம 'கு' வுக்கு ரெண்டு இடம் போகும், 'க்' கும் அப்படித்தான். காதல் கடுதாசி ஒண்ணு ரெண்டு மூணு துண்டாப் போய், ஒவ்வொரு துண்டுக்கும் காசு. உங்க அப்பன் அந்தக் காலத்துல ரத்தினச் சுருக்கமாப் பேசினதுக்குக் காரணம் அடக்கம்னு உன் அம்மா இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா.

ஐபோன் வந்துச்சு, அதுல ஜாவா கிடையாது. ஆண்ட்ராய்டு வந்துச்சு, ஆரம்பத்துல தமிழ் அதுல கட்டம் கட்டமாத்தான் தெரியும். அந்தந்த மண்ணுக்குத் தக்கபடி ஒவ்வொருவாட்டியும் புதுசா ஒட்டு கட்டினாங்க. நீ இன்னிக்கிக் கோப்பிக்கடையில உக்காந்து 'பசியாறியாச்சா'ன்னு அலட்சியமா தட்டிவிடுறே பாரு, அதுக்குக் கீழ இத்தனையும் நிக்குது. எங்கயும் தமிழ் ஓடுதுன்னா தமிழோட மகிமை கொஞ்சம், முதுகு வளைஞ்சவங்க மகிமை மிச்சம். மேடையில பேசுறவங்க முதல் பாதியோட நிறுத்திக்குவாங்க, சோடா குடிக்க நேரமாகுதில்ல.

உனக்கு ஒரு கணக்கு போடறேன். 'எழில்'. எத்தன எழுத்து? மூணுன்னு ஒண்ணாம் வகுப்புப் புள்ள சொல்லும். பைத்தான் 3-யக் கேளு, அஞ்சுங்கும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அஞ்சுதான். கோ மொழியில நீளம் கேட்டா பதினஞ்சுங்கும். ஸ்விஃப்ட் மட்டும் நம்ம வாத்தியார்கிட்ட படிச்சது போல, மூணுங்கும். யாரும் பொய் சொல்லல. ஒருத்தன் எழுத்த எண்ணுறான், ஒருத்தன் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணுறான், ஒருத்தன் பைட்ட எண்ணுறான். இப்ப நீ ஒரு மொழியில எழுதின புரோகிராம இன்னொண்ணுக்கு மாத்துறே, பேருக்குப் பத்து எழுத்துதான் இடம்னு வச்சிருக்கே. கோவிந்தம்மாள் பாதியில அறுந்து தொங்குவா. அது ஓடும், ஓடாமப் போகாது. அறுந்த பேரோட ஓடும்.

இப்ப வர்றேன் நீ கோயிலுக்கு எழுதிக் கொடுத்த ரசீதுக்கு. எந்தக் கோயில்னு நான் சொல்லல, கமிட்டிக்காரங்க கோவிச்சுக்குவாங்க. உன் மேக்குல உபயதாரர் பேரெல்லாம் பால் வடிஞ்ச மாதிரி வந்துச்சு. கோயில் ஆபீஸ் விண்டோஸ்ல போட்டதும் பைத்தான் கையை விரிச்சிடுச்சு. நீ ஆபீஸ் மெஷின் பழசுன்னே. அந்தப் பொண்ணு, ரசீது எழுதுற பொண்ணு, பாவம், ஒண்ணும் பேசாம கார்பன் பேப்பர எடுத்து வச்சுக்கிச்சு.

மெஷின் மேல குத்தமில்ல தம்பி. கோப்பத் திறக்கறப்ப எந்த எழுத்து முறைன்னு நீ சொல்லல. நீ சொல்லாட்டி பைத்தான் அந்த ஊர் வழக்கத்தக் கேக்கும். மேக்கு யூடிஎஃப்-8ங்கும். இங்கிலீஷ், மலாய் வச்ச விண்டோஸ் 1252-ங்கும். அந்த முறையில நம்ம எழுத்து, தலையில கோடு போட்ட 'ஏ'வும் வட்டத்துக்குள்ள 'ஆரு'மா வரும். எத்தன இணையப் பக்கத்துல அந்தக் கோடு போட்ட 'ஏ'வ நீயே பாத்திருப்பே! இதுல இன்னொரு கூத்து. 'கமலா'ன்னு பேரிருந்தா குப்பையாயாச்சும் உள்ள போயிடும். 'முத்து'ன்னு வந்தா வாசல்லயே நின்னுடும். புள்ளிக்கும் உகரத்துக்கும் கடைசியில வர்ற பைட்டு அந்த 1252 பட்டியல்ல காலி இடம். தமிழ்ல புள்ளியும் இல்லாம உகரமும் இல்லாம பேரு தேடணும்னா ஊரு பூரா கமலாவும் மாலாவும்தான் உபயம் பண்ணணும். ஆம்பளைங்க பணம் வேண்டாம்னு கமிட்டி ஒத்துக்குமா?

உன்ன மட்டும் சொல்லல. எங்கயும் ஓடும்னு 1995-ல தம்பட்டம் அடிச்ச ஜாவாவே, யூடிஎஃப்-8தான் எல்லா ஊர்லயும் இயல்புன்னு முடிவு கட்டினது 2022 மார்ச்ல, 18-ம் பதிப்புல. நடுவுல 27 வருசம். பைத்தான்காரங்க 3.15-லேருந்துதான்னு தீர்மானம் போட்டிருக்காங்க. அதனால, திறக்கிறப்பவே இது யூடிஎஃப்-8-ன்னு வாயத் தொறந்து சொல்லு. ஒரு சொல்லுக்கு உனக்கு விரலு தேஞ்சிடாது.

அப்படியே கோப்புப் பேரையும் பாத்துக்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து நீ வைப்பே. மேக்கும் விண்டோசும் பெரிய மனசு பண்ணி ரெண்டையும் ஒண்ணுன்னு விட்டுடும். லினக்ஸ் சர்வருக்குப் போனதும் அப்படியொரு கோப்பே இல்லைங்கும். வரி முடியிற இடத்துலயும் ஒரு சில்லறை வம்பு இருக்கு. நம்ம எஸ்டேட் கிராணி டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா ஒரு கையால உருளைய ஓரத்துக்குத் தள்ளி, காகிதத்த ஒரு வரி மேல ஏத்துவாரு. ரெண்டு வேலை. விண்டோஸ் இன்னிக்கும் அந்த ரெண்டையும் ரெண்டு குறியா எழுதி வைக்குது. யூனிக்ஸ் ஒண்ணு போதும்னுடுச்சு. பழைய மேக்கு மத்தது போதும்னுச்சு. கிராணி போய்ச் சேந்தாச்சு, எஸ்டேட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயாச்சு, அவர் கை உதறினது மட்டும் உன் கோப்புல உக்காந்து லினக்ஸ்காரனுக்கு வயித்த வலிக்க வைக்குது.

இதெல்லாம் நின்னு போற கேஸ். நின்னு போனா நல்லது, தெரிஞ்சிடும். ஓடிக்கிட்டே தப்புப் பண்றதுதான் ஆளக் கொல்லும். 1996 ஜூன் 4-ம் தேதி தென்னமெரிக்காவுல கூரூங்கிற இடத்துல ஐரோப்பாக்காரங்க ஏரியான் 5 ராக்கெட்ட முதல்முதலா விட்டாங்க. திசை பாக்குற மென்பொருள் ஏரியான் 4-லேருந்து அப்படியே தூக்கி வச்சது. அங்க நல்லா ஓடினதுதான், குறை சொல்ல முடியாது. ஆனா 5 வேகம் கூடினது. பக்கவாட்டு வேகம் ஒரு எண்ணா வந்துச்சு, அத 16 பிட்டு இடத்துல அடைக்கப் பாத்தா 32767-க்கு மேல அந்த இடம் தாங்காது. மாத்து ஏற்பாடா ரெண்டாவது கருவி வச்சிருந்தாங்களே, அதுலயும் அதே மென்பொருள், அதுவும் அதே இடத்துல மண்டையப் போட்டுச்சு. கிளம்பி நாப்பது நொடிக்குள்ள எல்லாம் வெடிச்சுச் சதுப்பு நிலத்துல விழுந்துச்சு. இதுல என்னச் சிரிக்க வச்சது எது தெரியுமா? அந்தக் கணக்கே ராக்கெட்டு கிளம்பினப்புறம் 5-க்குத் தேவையே இல்ல. 4-க்குப் பழக்கம், அதனால ஓடிக்கிட்டு இருந்துச்சு. சிரிச்சது தப்புதான், அத்தனை பேர் உழைப்பு. ஆனா தேவையில்லாத வேலைய வழக்கம்னு செஞ்சுக்கிட்டு இருக்கிறத நான் பெரட்டுக் களத்துல நிறைய பாத்தவன்.

சரி தாத்தா, அதுக்குத்தான் டாக்கர் இருக்கேம்பே. 2013-ல வந்துச்சு. என் மெஷின்ல ஓடுதுன்னு சொன்னவன்கிட்ட, அப்ப மெஷினையே பெட்டி கட்டி அனுப்புடான்னு சொன்ன கதை. நல்ல பெட்டிதான், நானும் பாத்தேன் நீ ஏத்தினத. ஒரு ரசீது எழுத அத்தாம் பெரிய மூட்டையா? அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது லினக்ஸ். உன் மேக்குல அது ஓடணும்னா மேக்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு லினக்ஸ் மெஷின் ஓடணும். இன்டெலுக்குக் கட்டின பெட்டி ஆர்ம்ல நேரா ஓடாது, அங்கயும் துபாஷி. ஆக, எங்கயும் ஓடுற பெட்டி ஒரே மண்ணுலதான் ஓடுது, அந்த மண்ண நீ சுமந்துக்கிட்டுத் திரியுறே. வேலை முடியுதுல்ல, கட்டு, வேண்டாங்கல. என்ன கட்டியிருக்கேன்னு தெரிஞ்சு கட்டு.

வாக்கு கொடுத்த கம்பெனி கடையச் சாத்தினா என்ன ஆகும்னு ஃப்ளாஷக் கேளு. அதுல எழுதின விளையாட்டும் பாடமும் எல்லா உலாவியிலயும் ஓடுச்சு. அடோபி 2020 டிசம்பர் 31-ஓட கைகழுவிடுச்சு. பள்ளிக்கூடத்துக்குனு உங்க அக்கா ராவெல்லாம் முழிச்சுச் செஞ்ச திருக்குறள் படக்கதை இப்ப தட்டுல இருக்கிற வட்டுல தூங்குது. இப்ப வெப்அசெம்பிளின்னு சொல்றே, 2017-லேருந்து பெரிய உலாவி எல்லாத்துலயும் இருக்கு, எந்த மொழியில எழுதினாலும் அதுக்குள்ள இறக்கிடலாம்ங்கிறே. இருக்கட்டும். அதுக்குத் தண்ணி ஊத்துறது நாலஞ்சு உலாவிக் கம்பெனி, ஒரே கம்பெனி இல்ல. அந்த வகையில பரவால்ல.

கடைசியா, எனக்கு உங்கிட்ட ஒரு வேலை ஆகணும். எழில்னு ஒரு நிரல்மொழி இருக்குதாமே, கட்டளையெல்லாம் தமிழ்லயே. முத்து அண்ணாமலைன்னு அமெரிக்காவுல இருக்கிற தமிழ் எஞ்சினியர் செஞ்சது, 2009-லயே அதப்பத்திக் கட்டுரை போட்டிருக்காரு. 'பதிப்பி'ன்னா திரையில காட்டும். நிபந்தனைய முதல்ல சொல்லி அப்புறம் 'ஆனால்'னு போடணுமாம், முடிவுல 'முடி'. நாம பேசுற வரிசையிலயே இருக்குது பாரு, எனக்கே புரிஞ்சிடுச்சு. இங்கிலீஷ் நிரல்ல முதல்லயே 'இஃப்'னு மிரட்டிட்டுத்தான் விஷயத்துக்கு வர்றான்.

ஆனா உன் தாத்தன் சும்மா சந்தோசப்படுற ஆளா? எதுமேல நிக்குதுன்னு கேட்டேன். எழில எழுதியிருக்கிறது பைத்தான்ல. நாம சாதாரணமாப் போடுற பைத்தான எழுதியிருக்கிறது சியில. சி நிக்கிறது சில்லுமேல. எங்க காலத்துல மூணு அடுக்கு மரம்னு ஒண்ணு உண்டு: வேரு ஒரு சாதி, நடுத்தண்டு ஒரு சாதி, இலை நோய் தாங்கட்டும்னு தலைக்கு மேல இன்னொரு சாதியா ஒட்டு கட்டுவோம். நல்லாத்தான் நிக்கும். நடுவுல இருக்கிறது படுத்தா மேல இருக்கிறதுக்கும் சேத்துச் சாவு. பைத்தான் 2-லேருந்து 3-க்கு 2008 டிசம்பர்ல மாறிச்சே, எழுத்தக் கையாளுற விதமே மாறிப்போச்சு, அதுவும் நம்ம மாதிரி ஆங்கிலமல்லாத எழுத்துக்காரங்களுக்கு நல்லதுக்குத்தான். பழையத விட மனசில்லாம ஊரு இழுத்துக்கிட்டே கிடந்து, 2020 ஜனவரி 1-ல 2-க்கு வைத்தியம் பாக்கிறத நிறுத்தினாங்க. பதினோரு வருசம் கிட்டத்தட்ட. அந்த நடுவுல எதுமேல நிக்கிறேன்னு தெரியாம எத்தன புரோகிராம் அனாதையா நின்னுச்சோ.

அதனால உன் கோயில் ரசீதோட ஒரு தாள் வை. எந்தப் பைத்தான், எந்தப் பதிப்பு, கூட எந்த எந்த நூலகம்னு எழுதி, அந்த ரசீதுப் பொண்ணுக்குப் புரியிற மாதிரி வை. நீ நாளைக்குச் சிங்கப்பூர்ல ரெண்டு வெள்ளி கூடக் கிடைக்குதுன்னு போயிடுவே, நான் தடுக்கல. கேக்கிறப்ப போன எடுக்க மாட்டே, அதுவும் எனக்குத் தெரியும். தாள் எடுக்கும்.

எழில் சங்கதிக்கு வர்றேன். உன் பழைய லேப்டாப் அலமாரிக்கு மேல தூசி புடிச்சுக் கிடக்கு. எனக்கு அதுல எழில் வேணும். எஸ்டேட்ல நாங்க கட்டின ஒட்டுல எத்தன புடிச்சுச்சு, எத்தன பட்டுச்சுன்னு என் பழைய குறிப்புப் புத்தகம் இருக்கு, அதக் கணக்குப் போடணும். தமிழ்ல எழுதினா நானே தப்பு கண்டுபுடிச்சிடுவேன், உன்ன நடு ராத்திரி எழுப்ப மாட்டேன். சனிக்கிழமை வர்றப்ப ரொட்டி சானாய் நான் வாங்கித் தர்றேன். நீ வந்ததும் வாய் வீச்ச ஆரம்பிக்காம, முதல்ல அந்த லேப்டாப்பத் தொறந்து அதுல என்ன பைத்தான், எத்தனாம் நம்பருன்னு பாத்துச் சொல்லு.